நான் வாங்கிய வயலின்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வாங்குவதானாலும், "எங்கே விலை குறைவுன்னு பாப்பாவைப் பார்க்கச் சொல்லு" என்பார்கள். அம்மாவின் தையல் இயந்திரத்திற்கு மோட்டார், அப்பாவின் ஆட்டோவிற்கு இருக்கை உறை, தம்பியின் புத்தகப் பை எல்லாவற்றையும் அலைபேசியில் நாலு இடத்தில் விலை பார்த்து, எது மலிவோ அதை இணையவழியில் வரவழைத்தவள் நானே. இதில் எனக்குச் சற்றுக் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு வயலினால் அடங்கியது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நம் பள்ளிப் பாடகர் குழுவில் நான் ஆறாம் வகுப்பிலிருந்து வயலின் வாசிக்கிறேன். குழுவிற்கென்று இருப்பவை இரண்டே வயலின்கள். அவற்றில் ஒன்றை மூன்று ஆண்டுகளாக நானே வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பிற்கு வந்ததும் சிஸ்டர் என்னை அழைத்து, "இனி அது தங்கைகளுக்கு வேண்டும். உன்னால் முடிந்தால் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள். முடியாவிட்டால் என்னிடம் சொல், வேறு வழி பார்ப்போம்" என்றார். வீட்டில் சொன்னேன். அப்பா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "டிசம்பர் கேரல் நிகழ்ச்சிக்குள்ள வாங்கிடலாம் பாப்பா" என்றார். அன்றிலிருந்து அம்மா இரவு பதினொரு மணி வரை தைக்கத் தொடங்கினார்.

நவம்பர் 16, சனிக்கிழமை. மாலையில் நான் மட்டும் மெயின்கார்டு கேட் அருகே ஒரு சந்தில் உள்ள வாத்தியக் கடைக்குப் போனேன். அது சிறிய கடைதான். மேலே கித்தார்கள் தொங்கும். கீழே மிருதங்கமும் தபேலாவும் அடுக்கியிருக்கும். மரத்தூளும் வார்னிஷும் கலந்த வாசனை வீசும். கடைக்காரப் பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "வாம்மா, என்ன வேணும்?" என்றார்.

வயலின் என்றதும் அவர் முதலில் விலையைச் சொல்லவில்லை. என் இடக்கையை நேராக நீட்டச் சொன்னார். ஒரு வயலினைக் கழுத்தருகே வைத்து, அதன் சுருள் தலை என் உள்ளங்கையில் வந்து அமர்கிறதா, முழங்கை சற்றே மடங்குகிறதா என்று பார்த்தார். "முக்கால் அளவு உனக்கு இனிமே பத்தாது. முழு அளவே எடுத்துக்கோ" என்றார். பிறகு இரண்டு வயலின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு காட்டினார். மேல் பலகை ஸ்புரூஸ் மரத்திலும், அடிப் பலகையும் பக்கங்களும் மேப்பிள் மரத்திலும் இருக்க வேண்டும். பிரடைகள் கருங்காலியா, கறுப்புச் சாயம் பூசிய வேறு மரமா என்று பார்க்க வேண்டும். வில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்து அதன் கோணல் பார்க்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். ஐந்து வயலின்களை எடுத்துச் சுருதி கூட்டி என் கையில் கொடுத்தார். அவற்றில் ஒன்று என் தோளில் வைத்தவுடனேயே என்னுடையது போல இருந்தது. விலை 6,500 ரூபாய். பெட்டி, வில், ரோஸின், கூடுதலாக ஒரு செட் கம்பி எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அதற்குள் வந்த இரண்டு வாடிக்கையாளர்களை அவர் என் பொருட்டுக் காக்க வைத்தார். புறப்படும்போது நான், "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன் ஐயா" என்றேன்.

தோழியரே, அதைச் சொன்ன நேரத்திலேயே அது பொய் என்று எனக்குத் தெரியும். அவர் பெட்டியை மூடத் திரும்பியபோதே, வயலினின் உள்ளே ஒட்டியிருந்த சீட்டிலிருந்த பெயரையும் அவர் சொன்ன குறிப்புகளையும் மனத்தில் குறித்துக்கொண்டுவிட்டேன். அன்றிரவு அலைபேசியில் தேடினேன். படத்தில் பார்க்க அதே போன்ற வயலின், முழு அளவு, கருங்காலிப் பிரடை. விலை 4,300 ரூபாய்! "அப்பா, 2,200 ரூபாய் மிச்சம்!" என்று கூவினேன். எங்கள் வீட்டிற்கு அது சிறிய தொகை அன்று. ஓர் இரவிக்கைக்கு அம்மா வாங்கும் கூலி 150 ரூபாய். 2,200 ரூபாய் என்றால் ஏறத்தாழ பதினைந்து இரவிக்கைகள். அத்தனை இரவுகளின் கண் விழிப்பு. ஆகவே மலிவைத் தேடியது தவறு என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அப்பா மட்டும், "கடைக்காரர்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டார். "சும்மா பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்றேன். அது இரண்டாவது பொய்.

பார்சல் நவம்பர் 22ஆம் நாள் மாலை வந்தது. அன்று இசைக் கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். நல்ல சகுனம் என்று துள்ளிக் குதித்தேன். பெட்டியைத் திறந்தால், நான்கு கம்பிகளும் தொளதொளவென்று கிடந்தன. கம்பிகளைத் தாங்க வேண்டிய குதிரை நிற்கவில்லை. காகிதத்தில் சுற்றித் தனியாகக் கிடந்தது. வயலினைத் தூக்கியபோது உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. வழியில் ஏதோ உடைந்துவிட்டது போலும் என்று நெஞ்சு பதறியது. இருந்தாலும் அலைபேசியில் ஒரு காணொலியைப் பார்த்துக் குதிரையை நிறுத்திப் பிரடைகளைத் திருகினேன். பிரடை வழுக்கிக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் திருகினேன். 'டங்' என்று ஒரு சத்தம். மெல்லிய ஈ கம்பி அறுந்து என் புறங்கையில் சுரீரென்று அடித்தது.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஏழு நாள்களுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று அந்த விற்பனையாளர்கள் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நான் அப்போதே அப்பாவிடம் சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். ஆனால் 'மிச்சம் மிச்சம்' என்று குதித்தவள் நான் அல்லவா? எந்த முகத்தோடு சொல்வேன்? வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். "தேர்வு இருக்கிறது, அப்புறம் வாசிக்கிறேன்" என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. பள்ளியில் பழைய வயலினையே இரவலாக எடுத்து வாசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? எட்டாம் நாள் அம்மா தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "புது வயலின் வந்து ஒரு வாரமாச்சு. வீட்டுல ஒரு சத்தத்தையும் காணோமே பாப்பா?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் சனிக்கிழமை. "எடு, ஆட்டோவுல ஏறு" என்றார். எங்கே என்று கேட்கவில்லை, எனக்குத் தெரியும். நம் ஊரில் எனக்குத் தெரிந்து வயலின் பழுது பார்ப்பவர் அவர் ஒருவரே. சந்து முனையில் ஆட்டோ நின்றபோது, "அப்பா, நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன்" என்று கெஞ்சினேன். "வாங்கினது நீதானே? நீயே தூக்கிட்டு வா" என்றார்.

பெரியவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாம்மா! அப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டியா?" என்றார். பிறகுதான் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் ஒரு துணியை விரித்து, "இங்க வை" என்றார்.

பெட்டியைத் திறந்து வயலினை மெல்ல ஆட்டிப் பார்த்தவர் சிரித்தார். எஃப் வடிவத் துளை வழியாகச் சாய்த்துச் சாய்த்து, உள்ளே உருண்டதை வெளியே எடுத்தார். பென்சில் பருமனில் ஒரு சிறு மரக்குச்சி! "இதுதான் உள்ள ஓடிட்டு இருந்தது. உடைஞ்சது ஒண்ணும் இல்ல. இதுக்கு சவுண்ட் போஸ்ட்னு பேரு" என்றார். மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவில், குதிரையின் வலக்காலுக்குச் சற்றுப் பின்னால், அந்தக் குச்சி தூண் போல நிற்க வேண்டுமாம். அதைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது அசையாமல் நிற்கிறது. கம்பிகளின் அதிர்வை மேலிருந்து கீழே கொண்டு சேர்ப்பதும், மேல் பலகை அமுங்காமல் தாங்குவதும் அதன் வேலை. கம்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்துவிட்டால் அது விழுந்துவிடக்கூடும். பிரெஞ்சு மொழியிலும் இத்தாலிய மொழியிலும் அந்தக் குச்சிக்கு 'ஆன்மா' என்றே பெயர் என்று பின்னர் சிஸ்டர் சொல்லக் கேட்டேன். ஆன்மா இல்லாத வயலினை அல்லவா நான் ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்!

"கம்பி அறுந்தது நல்லதாப் போச்சு. உள்ள கட்டை இல்லாம நாலு கம்பியையும் முழுசா இழுத்து வெச்சிருந்தா மேல் பலகை அமுங்கியிருக்கும்" என்றார் பெரியவர். 'எஸ்' எழுத்துப் போல வளைந்த ஓர் இரும்புக் கருவியின் நுனியில் அந்தக் குச்சியைக் குத்தித் துளைக்குள் விட்டார். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியால் உள்ளே பார்த்தார். மூன்று முறை விழுந்தது. நான்காவது முறை நின்றது.

பிறகு குதிரை. அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே தடிமனாகவும் உயரமாகவும் இருந்தது. நான் அதை முன்பின் மாற்றி வேறு நிறுத்தியிருந்தேன். வயலினின் வயிற்றில் உப்புத்தாளை வைத்து அதன் மேல் குதிரையின் கால்களைத் தேய்த்துத் தேய்த்து, இடைவெளி இல்லாமல் பொருந்தச் செய்தார். மேல் விளிம்பைக் கத்தியால் செதுக்கினார். விரல் வைக்கும் பலகையின் முனையில் தடித்த கம்பி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயரத்திலும், மெல்லிய கம்பி மூன்றரை மில்லிமீட்டர் உயரத்திலும் நிற்குமாறு அளந்தார். அதற்கு மேல் போனால் விரல் நோகும். குறைந்தால் கம்பி பலகையில் இடித்து அதிரும். வழுக்கிய பிரடைகளுக்குச் சாக்பீஸும் துளி சோப்பும் தடவினார். "சாக்பீஸ் பிடிச்சு நிறுத்தும், சோப்பு திருப்ப விடும். நம்ம ஊர்ச் சித்திரை வெயில்ல மரம் சுருங்கிப் பிரடை வழுக்கும். ஐப்பசி மழையில ஊதி இறுகிக்கும். அப்போ இங்க எடுத்துட்டு வா" என்றார். புது ஈ கம்பியைக் கட்டிச் சுருதி கூட்டி என் கையில் கொடுத்தார். வில்லைப் போட்டேன். அது பாடியது!

அப்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "ஐயா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். உங்ககிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டு, இணையத்துல விலை கம்மியா இருக்குன்னு வாங்கிட்டேன்" என்றேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்தார். "அந்த விலைக்கு எனக்கே சரக்கு வராதும்மா. உங்க அப்பா உழைச்ச காசு. விலை பார்த்துத்தான் வாங்கணும். அதுல தப்பு இல்ல. ஆனா அன்னைக்கே சொல்லியிருந்தா, 'வாங்கிட்டு எடுத்துட்டு வா, குதிரையைச் செதுக்கித் தர்றேன்'னு நானே சொல்லியிருப்பேன்" என்றவர், மேல் தட்டைக் காட்டினார். "நாளைக்கு வர்றேன்னு சொன்னியேன்னு, நீ வாசிச்ச அந்த வயலினை நாலு நாள் யாருக்கும் காட்டாம எடுத்து வெச்சிருந்தேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். அந்த நாலு நாள் மட்டும் இன்று வரை மறக்கவில்லை.

கூலி 250, குதிரை வேலைக்கு 250, கம்பி 150. ஆக 650 ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்பா கூடுதலாகக் கொடுத்ததை ஏற்கவில்லை. டிசம்பர் 20ஆம் நாள் கேரல் நிகழ்ச்சியில் நான் என் சொந்த வயலினை வாசித்தேன். முன் வரிசையில் அம்மா அமர்ந்திருந்தார். அன்று அவர் கையில் ஊசி இல்லை.

கணக்குப் பிள்ளைகளான உங்களில் சிலர் இந்நேரம் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். 4,300உம் 650உம் சேர்ந்தால் 4,950 ரூபாய். கடை விலையைவிட இன்னமும் 1,550 ரூபாய் லாபம்தானே? ஆம், லாபம்தான். 'மலிவாக வாங்கினாள், நட்டப்பட்டாள்' என்று கதையை முடித்தால் கேட்க நன்றாயிருக்கும், ஆனால் உண்மையாகாது. நான் கற்றது வேறொன்று. கடையிலிருந்த வயலினும் பெட்டியில் வந்த வயலினும் படத்தில் ஒன்றாகத் தோன்றினாலும் ஒன்றல்ல. ஒன்று, தேர்ந்த கை தொட்டு, எடுத்தவுடன் வாசிக்கத் தயாராக நின்றது. மற்றொன்று, இனிமேல்தான் வயலினாக வேண்டிய மரம். அந்த வேலைக்கும், பெரியவரின் ஒரு மணி நேரத்திற்கும் விலை உண்டு. அதைத்தான் நான் விலை கொடுக்காமல் எடுத்து வந்தேன். கல்லாவில் கை வைத்தால் திருட்டு என்கிறோம். ஒருவர் நேரத்தையும் அறிவையும் பொய் சொல்லி எடுத்து வந்தால் அதற்கு என்ன பெயர்?

வயலின் நம் நாட்டிற்கு வந்த வரலாற்றையும் பிறகு படித்துப் பார்த்தேன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) மேனாட்டு ஆசிரியர் ஒருவரிடம் அதைக் கற்று, கருநாடக இசைக்குப் பொருந்தச் செய்தார். சென்னையின் புகழ்பெற்ற மியூசி மியூசிக்கல் இசைக் கடை 1842ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. இத்தாலியின் கிரெமோனா நகரத்து வயலின் செய்யும் கலையை 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாக ஏற்றது. செய்பவர் கை, கற்பிப்பவர் கை, பழுது பார்ப்பவர் கை என்று கைக்குக் கை மாறித்தான் இந்த வாத்தியம் நம்மிடம் வந்திருக்கிறது. நடுவில் ஒரு கை விட்டுப்போனால் பெட்டி மட்டும்தான் வந்து சேரும்.

இதனால் இணையவழியில் வாங்குவதே தீது என்று நான் சொல்லவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் என் தோழி ஒருத்தியின் ஊர் மலை மேல் இருக்கிறது. அங்கே வாத்தியக் கடை ஏது? அவளுடைய மின்னணுக் கீபோர்டு இணையவழியில்தான் வந்தது. மின்சாரத்தில் செருகியதும் வாசித்தது. ரோஸின், கம்பி, இசைக் குறிப்புப் புத்தகம் போன்றவை எங்கே வாங்கினாலும் ஒன்றே. ஆனால் கையால் பொருத்தி, காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டிய வாத்தியமானால், அதைச் செய்யும் கை எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்தக் கடை மூடிப்போனால் குச்சி விழும் நாளில் எங்கே போவோம்?

இவ்வாண்டு எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வயலின் வாங்க வேண்டும் என்றாள். அவளை நேரே அதே கடைக்கு அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும், "ஐயா, இவங்க வீட்டுல 4,000 ரூபாய்தான் முடியும். இணையத்துல 4,300க்கு இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கூச்சப்படாமல் கேட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், ஒருவர் மாற்றிக்கொண்டு விட்டுப்போன பழைய வயலின் ஒன்றைக் கொண்டு வந்தார். குதிரை செதுக்கி, கம்பி மாற்றி, 3,500 ரூபாய்க்குக் கொடுத்தார். என் வயலினைவிட அதன் குரல் இனிமை என்பதை ஒப்புக்கொள்கிறேன்!

உள்ளதைச் சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கும் அப்படி ஒரு வழி அன்று இருந்திருக்கும். கையில் இருக்கும் காசு குறைவு என்று சொல்ல வெட்கப்பட்டு, 'நாளை வருகிறேன்' என்று பொய் சொன்னதால் அதை இழந்தேன். தோழியரே, நீங்களும் ஒரு கடையில் ஒரு மணி நேரம் நின்று கேட்கும் நாள் வரும். வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், "எங்களால் இவ்வளவுதான் முடியும் ஐயா" என்று சொல்லுங்கள். 'நாளை வருகிறேன்' என்று மட்டும், வர எண்ணமில்லாமல், சொல்லாதீர்கள். அதை நம்பி ஒருவர் ஒரு பொருளைத் தனியே எடுத்து வைத்துக் காத்திருக்கக்கூடும்.

ஐப்பசி மழையில் என் வயலின் பிரடை இறுகிவிட்டது. கடைக்கு எடுத்துப் போனேன். "வருவேன்னு தெரியும்" என்றார் பெரியவர்.